பெல்லில் இருக்கும் பெயரை நம்பாதீர்கள்: பழைய பிரெஞ்சு சாக்ஸபோனை இனம்காண்பது எப்படி?

பாரிஸுக்கு வெளியே சின்ன ஊர்களில் கோடை ஞாயிறுகளில் 'வீத் கிரெனியே' என்றொரு சந்தை கூடும். பரணைக் காலி செய்வது என்று பொருள். தாத்தாவின் கோட்டு, கை உடைந்த பொம்மை, காப்பிக்கொட்டை அரைக்கும் இயந்திரம் எல்லாம் தெருவோரம் விரித்த துணியில் கிடக்கும். அப்படி ஒரு சந்தையில் துருப்பிடித்த பூட்டோடு ஒரு கறுப்புப் பெட்டியை வாங்கி வந்தேன். உள்ளே ஓர் ஆல்ட்டோ சாக்ஸபோன். 'பெல்' எனப்படும் விரிந்த வாயில் அழகான சாய்வெழுத்தில் ஒரு பெயர், அதன் கீழே 'லீல்' என்று ஊர்ப்பெயர், இன்னும் கீழே 1900 என்ற எண். "1900-இல் செய்தது, எழுதியே இருக்கிறது பாருங்கள்" என்றார் விற்ற அம்மா.

அந்தப் பெயர் செய்தவர் பெயரில்லை. அந்த எண்ணும் செய்த ஆண்டில்லை. இது எனக்குப் புரியச் சில மாதங்கள் ஆயின. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டாம் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

செல்மர், பூஃபே கிராம்போன் என்ற இரண்டு பெரிய பெயர்களில் ஒன்று உங்கள் கருவியில் இருந்தால் வேலை சுலபம். எண்ணைப் பார்த்தால் ஆண்டைச் சொல்லும் பட்டியல்கள் இருக்கின்றன. அவை இல்லாத, யாரும் கேள்விப்படாத பெயர் கொண்ட கருவிகளைப் பற்றியே இங்கே பேசப்போகிறேன்.

முதலில்: பாலிஷ் டப்பாவை எடுத்து உள்ளே வையுங்கள்

பழைய பித்தளையைப் பார்த்ததும் தேய்த்துப் பளபளப்பாக்கக் கை துறுதுறுக்கும். செய்யாதீர்கள். நூறு ஆண்டு பழைய முத்திரை சில இடங்களில் நகக்கண் ஆழம்கூட இருக்காது. ஒரு தடவை அழுத்தித் தேய்த்தால் பாதி எழுத்து போய்விடும். உங்களுக்கு இருக்கும் ஒரே சாட்சியும் போய்விடும்.

அறையை இருட்டாக்கி, கைபேசி விளக்கை உலோகத்தோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். நேரடி வெளிச்சத்தில் தெரியாத எழுத்து நிழலாக எழும். அப்படியும் தெரியாவிட்டால் மெல்லிய காகிதத்தை மேலே வைத்துப் பென்சிலால் மெதுவாக உரசுங்கள். சின்ன வயதில் காசை வைத்து உரசிய அதே விளையாட்டுதான். பெல்லின் முன்புறம், பெல்லின் விளிம்பு, வலது கட்டைவிரல் கொக்கிக்குக் கீழே உடலின் பின்புறம், கழுத்துக் குழாயின் அடிப்பகுதி என இந்த நான்கு இடங்களையும் விடாமல் பாருங்கள். பெட்டியின் உள்துணியில் கடைச் சீட்டு ஒட்டியிருக்கலாம். துணிக்கு அடியில் பழைய ரசீது கிடைத்தவர்களும் உண்டு.

எல்லாவற்றையும் படமெடுத்த பிறகு ஈரமில்லாத மென்துணியால் தூசி தட்டினால் போதும்.

இது எந்த சாக்ஸபோன்?

கத்ரி கோபால்நாத் கர்நாடக மேடைக்குக் கொண்டுவந்தது ஆல்ட்டோ என்பதால் நம் ஊரில் சாக்ஸபோன் என்றாலே அந்த அளவுதான் மனதில் வரும். சந்தையில் மற்றவையும் கிடைக்கும். பிரெஞ்சுக்காரர்கள் சுரத்தை டோ, ரே, மி என்றே சொல்வார்கள். ஆகவே உடலில் 'மி' எழுத்தும் பக்கத்தில் 'பி' போன்ற ஒரு குறியும் (பிளாட் குறி, சுரம் அரைப்படி இறங்குவதைக் காட்டுவது) இருந்தால் அது ஈ-பிளாட், அதாவது பெரும்பாலும் ஆல்ட்டோ. 'ஸி' எழுத்தோடு அதே குறி இருந்தால் பி-பிளாட். வளைந்து பெரிதாக இருந்தால் டெனர், சிறியதாக நேராக இருந்தால் சோப்ரானோ. 'யூட்' என்று இருந்தால் கொஞ்சம் நின்று யோசியுங்கள். 'டோ'வின் பழைய பெயர் அது. ஆல்ட்டோவுக்கும் டெனருக்கும் இடைப்பட்ட அளவில் இருக்கும் இந்தக் கருவியைப் பலர் டெனர் என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள்.

சந்தேகமிருந்தால் ஒரு சோதனை. இடது கை நடுவிரலை மட்டும் அழுத்தி ஊதுங்கள். சுருதிப் பெட்டியில் 2½ கட்டையோடு சேர்ந்தால் ஆல்ட்டோ, 6½ கட்டை என்றால் டெனர் அல்லது சோப்ரானோ, சரியாக 1 கட்டை என்றால் அந்த 'யூட்'. எதோடும் சேராமல் நடுவில் தொங்கினால் அதற்கு வேறு காரணம் உண்டு, கீழே வருகிறேன்.

எழுத்துகளைப் படிப்பது

இங்கேதான் புதியவர்கள் அதிகம் தவறுகிறார்கள், நானும் தவறினேன். ஒரு சூத்திரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: கருவியில் இருக்கும் எந்தக் குறியும் 'இந்த ஆண்டு செய்தது' என்று சொல்வதில்லை. 'இதற்கு முன் இல்லை' என்றோ 'இதற்குப் பின் இல்லை' என்றோதான் சொல்லும். இரண்டு பக்கமும் வேலி போட்டு நடுவில் இருக்கும் இடத்தைச் சுருக்கிக்கொண்டே வருவதுதான் நம் வேலை.

என் கருவியில் இருந்த 1900, பாரிஸில் அந்த ஆண்டு நடந்த உலகப் பொருட்காட்சியைக் குறிப்பது. அங்கே பதக்கம் வாங்கியவர்கள் அதைப் பல ஆண்டுகள் கருவி தவறாமல் பொறித்துக்கொண்டே இருந்தார்கள். நம் ஊர்ப் பலகாரக் கடைப் பலகையில் தாத்தா படம் இருப்பதுபோல. ஆகவே 1878, 1889, 1900 என்று மூன்று ஆண்டுகள் இருந்தால் கடைசியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கருவி அதற்குப் பிந்தியது, எவ்வளவு பிந்தியது என்று அது சொல்லாது. 'ஓர் கோன்கூர்' என்ற சொற்களும் கூடவே வரும். 'போட்டிக்கு வெளியே' என்று பொருள். நடுவர் குழுவில் உட்கார்ந்தவர் போட்டியிட முடியாது, அதையும் ஒரு பெருமையாகப் பொறித்துக்கொண்டார்கள்.

'பிரெவெத்தே' என்ற சொல்லும் எஸ்.ஜி.டி.ஜி. என்ற நான்கு எழுத்துகளும் அடிக்கடி கண்ணில் படும். காப்புரிமை பெற்றது, ஆனால் 'அரசு உத்தரவாதமின்றி' என்பது அதன் விரிவு. காப்புரிமை கொடுத்தோம், பொருள் வேலை செய்யுமா என்று எங்களைக் கேட்காதே என்று அரசு கைகழுவிய வாசகம். 1844-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்தது, 1968-இல் போய்விட்டது. ஆகவே இது இருந்தால் பின்பக்க வேலி ஒன்று கிடைத்தது, என் கருவிக்குக் கிடைத்ததுபோல. சிலர் இந்த எழுத்துகளையே தயாரிப்பாளர் பெயர் என்று நினைத்துத் தேடிக்கொண்டிருப்பார்கள். சிரிக்காதீர்கள், எல்லோரும் செய்வதுதான்.

'பிரான்சில் செய்தது' என்று ஆங்கிலத்தில் இருந்தால் அது ஏற்றுமதிக்குப் போன கருவி. 1890-இல் அமெரிக்கா கொண்டுவந்த சுங்கச் சட்டம், வரும் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. பிரான்சுக்குள்ளேயே விற்றதில் ஆங்கிலத்துக்கு அவசியமில்லை.

முகவரி என்னும் புதையல்

பெயரைவிட முகவரி நூறு மடங்கு மேல். பெயர் கைமாறும், தெருக்களுக்குப் பெயர் மாற்றிய தேதி ஆவணத்தில் இருக்கும்.

எனக்குப் பிடித்த உதாரணம் குவெனோன். (எழுத்தில் நடுவே ஓர் 'எஸ்' இருக்கும், உச்சரிப்பில் வராது. தேடும்போது அந்த 'எஸ்'ஸை விட்டுவிட்டால் ஒன்றும் கிடைக்காது.) இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சின் பெரிய இசைக்கருவி நிறுவனங்களில் ஒன்று இது. ராணுவ வாத்தியக் குழுக்களுக்குக் கருவி கொடுத்தவர்கள். உரிமையாளர் அமெதே குவெனோன் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். பாரிஸுக்குக் கிழக்கே ஷாத்தோ-தியெரியில் ஒரு தொழிற்சாலை. பாரிஸில் 94, ஆங்குலேம் தெரு என்பது தலைமையிடம். அவர்கள் கருவிகளில் இந்த முகவரி பொறித்திருக்கும்.

இப்போது பாரிஸ் வரைபடத்தில் அந்தப் பகுதியில் ஆங்குலேம் தெருவைத் தேடினால் கிடைக்காது. 1941 அக்டோபரில் ஜெர்மானியர்கள் சுட்டுக்கொன்ற உலோகத் தொழிலாளர் சங்கத் தலைவர் ழான்-பியேர் தெம்போவின் பெயரை விடுதலைக்குப் பின் அந்தத் தெருவுக்கு வைத்துவிட்டார்கள். கட்டடத்தை அதற்கு முன்பே, 1936-37 வாக்கில், உலோகத் தொழிலாளர் சங்கம் வாங்கிவிட்டது. இன்று அது மேஸோன் தெ மெத்தலோ என்ற கலை அரங்கம். நாடகம் பார்க்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், அங்கே ஒரு காலத்தில் டிரம்பெட்டும் சாக்ஸபோனும் செய்தார்கள் என்று! நமக்குக் கிடைப்பது ஒரு வேலி: 94, ஆங்குலேம் தெரு என்று பொறித்த குவெனோன் கருவி கிட்டத்தட்ட உறுதியாக 1930களின் பிற்பாதிக்கு முந்தியது. அதே கருவியில் 1900 பதக்கமும் இருந்தால் முன்பக்க வேலியும் வந்துவிட்டது.

இதேபோல் 'எவெத் & ஷேஃபர்' என்ற பெயரோடு கிரான்-செர் பாதையின் முகவரி இருந்தால், அது பூஃபே கிராம்போன் நிறுவனத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஏற்று நடத்தியவர்களின் பெயர். கண்ணாடிக் கூரை போட்ட அந்தப் பாதை பாரிஸில் இன்னும் இருக்கிறது. ஆனால் வெறும் 'எவெத்' என்று மட்டும் இருந்தால் அவசரப்படாதீர்கள். பிற்காலத்தில் அதையே மாணவர்களுக்கான மலிவு வரிசையின் பெயராக வைத்துக்கொண்டார்கள்.

அடோல்ஃப் சாக்ஸ் என்றே பெயர் இருக்கிறதா? மூச்சைப் பிடிக்க வேண்டாம். 1846-இல் காப்புரிமை பெற்றவர் அவர்தான். ஆனால் அவருக்குப் பின் மகன் நடத்தினார், 1929-இல் அந்தப் பட்டறையை செல்மர் வாங்கியது. பெயர் மட்டும் போதாது. முகவரியும், துளைகளைத் திறந்து மூடும் கீகளின் அமைப்பும் ஒத்துப்போக வேண்டும்.

கீகள் சொல்லும் வயது

எழுத்து எதுவுமே இல்லாவிட்டாலும் கருவியின் கட்டுமானம் பேசும்.

மேல்ஸ்தாயிக்குத் தாவ இடது கட்டைவிரலுக்கு ஒரு கீ இருக்கிறதா, இரண்டா? ஆரம்பகாலக் கருவிகளில் இரண்டு. வாசிப்பவர் எந்தச் சுரத்துக்கு எது என்று தானே மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரே கீ தானாகவே இரண்டு துளைகளையும் மாற்றித் திறக்கும் அமைப்பு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவியது. அடுத்து, கருவி எந்தச் சுரம்வரை கீழே இறங்குகிறது? பெல்லில் ஒரே ஒரு பெரிய மூடி இருந்தால் பி-யோடு நிற்கும் பழைய வகை. இரண்டு இருந்தால் பி-பிளாட் வரை போகும்.

அந்தப் பெரிய மூடிகள் பெல்லின் எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். நீங்கள் வாசிக்கப் பிடித்த நிலையில் வலப்பக்கம் இருந்தால், பிரெஞ்சுக் கருவியைப் பொறுத்தவரை பெரும்பாலும் 1936-க்குப் பிந்தியது. அந்த ஆண்டு செல்மர் கொண்டுவந்த 'பேலன்ஸ்டு ஆக்‌ஷன்' வடிவத்தைப் பார்த்து மற்றவர்கள் மெல்ல மாறினார்கள். இடப்பக்கம் இருந்தால்? ஒன்றும் சொல்ல முடியாது. சின்னப் பட்டறைகள் பழைய அச்சையும் பழைய பழக்கத்தையும் விடாமல் பல ஆண்டுகள் இடப்பக்கமே வைத்துக்கொண்டிருந்தன. புதிய அம்சம் இருந்தால் அது சாட்சி, இல்லாவிட்டால் அது சாட்சியில்லை. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் விற்பவர்களின் பாதிக் கதைகளிலிருந்து தப்பிக்கலாம்.

யார் செய்தது?

லீலில் இருந்த அந்தக் கடை என் சாக்ஸபோனைச் செய்யவில்லை. கடைக்காரர்கள் பட்டறைகளிடம் கருவி வாங்கி, தங்கள் பெயரைப் பொறித்து விற்றார்கள். நகைக்கடை ஆசாரியிடம் செய்து வாங்கி, தன் முத்திரை போட்டு விற்பதுபோலத்தான். பெரிய இசைக்கருவிக் கடைகள் பலவும் இப்படிச் செய்தன. அமெரிக்க இறக்குமதியாளர்களும் தங்கள் பெயரில் பிரெஞ்சுக் கருவி விற்றார்கள்.

அப்படியானால் செய்தவர்கள் எங்கே? பாதிப் பேர் ஒரே வட்டாரத்தில். பாரிஸின் ஸான்-லாஸார் நிலையத்தில் ரயிலேறினால் மேற்கே சுமார் 55 கிலோமீட்டரில் மாந்த் வரும். பூஃபே, செல்மர் இரண்டும் அங்கேதான். அதிகம் பேசப்படாத டோல்னே, போனியே பட்டறைகளும் அதே வட்டாரம். போனியே தன் பெயரைவிட மற்றவர் பெயர்களில்தான் அதிகம் விற்றது. வீட்டோ, நோப்லே என்ற பெயர்களில் வந்த சாக்ஸபோன்கள் பலவற்றுக்கு மூலம் அதுதான். இன்னும் கொஞ்சம் மேற்கே நார்மண்டியில் லா கூத்யூர்-பூஸே கிராமம், பல தலைமுறைகளாக மரக் காற்றுக்கருவிகள் கடைந்த ஊர். லெப்லான் அங்கிருந்து வந்த பெயர். 1930களின் நடுவில் ஸ்த்ராஸர், மாரிகோ, லெமேர் என்ற மூவர் சேர்ந்து தொடங்கிய எஸ்எம்எல், விவரம் தெரிந்தவர்கள் இன்றும் தேடி வாங்கும் சாக்ஸபோன்களைச் செய்தது. பாரிஸில் பியெரே என்ற பட்டறை.

இவற்றில் உங்களுடையது எது என்று கண்டுபிடிக்க ஒரே வழி, தயாரிப்பாளர் பெயர் உறுதியாகத் தெரிந்த கருவிகளின் படங்களோடு ஒப்பிடுவது. எதை ஒப்பிடுவது? பூவேலைப்பாட்டை விட்டுவிடுங்கள், அது கடைக்குக் கடை மாறும். இடது சுண்டுவிரல் அழுத்தும் நான்கு கீகளின் வடிவம், பெல்லையும் உடலையும் இணைக்கும் தாங்கியின் வடிவம், பெரிய மூடிகளுக்கு மேல் இருக்கும் காப்பு வளைவு கம்பியா தகடா, கழுத்தின் மேல் இருக்கும் கீயின் வளைவு, கட்டைவிரல் கொக்கி. இந்த ஐந்தும் பட்டறை தன் அச்சில் செய்தவை, கடைக்காரருக்காக மாற்ற மாட்டார்கள். ஐந்தில் ஒன்று ஒத்துப்போனதும் துள்ளிக் குதிக்க வேண்டாம். ஒரே ஊரில் பட்டறைகள் பக்கம் பக்கமாக இருந்தால் கைவேலைக்காரர்களும் மாறுவார்கள், வடிவங்களும் மாறும். நான்காவது ஒத்துப்போனால் பேசலாம்.

நான் மூன்று வாரம் படங்களைப் பார்த்து, குவெனோன்தான் என்று முடிவுக்கே வந்துவிட்டேன். அப்புறம் ஒரு பழுதுபார்ப்பவர் சுண்டுவிரல் கீகளை மட்டும் பார்த்துவிட்டு "டோல்னே" என்றார், தலைகூட நிமிராமல். போய்ப் பார்த்தால் ஐந்தில் நான்கு ஒத்துப்போனது.

எண்ணைப் பற்றிக் கொஞ்சம்

உடலில் இருக்கும் எண்ணும் கழுத்தில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். வேறு என்றால் கழுத்து பிற்பாடு மாற்றியது, வாசிப்பில் அது தெரியும். கீகளின் அடியில் இரண்டு மூன்று இலக்கம் இருந்தால் அது பட்டறையில் பாகங்கள் கலந்துவிடாமல் போட்ட அடையாளம். தொடர் எண்ணாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தயாரிப்பாளர் யார் என்று தெரியாமல் எண்ணை மட்டும் வைத்து ஆண்டைத் தேடுவது, தெருப் பெயர் தெரியாமல் கதவு எண்ணை மட்டும் வைத்து வீட்டைத் தேடுவது.

பழுதுபார்க்கக் கொடுப்பதற்கு முன் சுருதி

மேலே தொங்கலில் விட்டது இதுதான். பிரான்சு 1859-இலேயே ஏ சுரத்தை நொடிக்கு 435 அதிர்வு என்று சட்டமாக்கிவிட்டது. இன்றைய 440-க்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை வாயில் வைத்து ஊதும் மௌத்பீஸைக் கொஞ்சம் உள்ளே தள்ளிச் சமாளிக்கலாம். ஆனால் பிரிட்டிஷ், அமெரிக்க வாத்தியக் குழுக்களுக்கு ஏற்றுமதியான சில கருவிகள் 450-க்கு மேல் போகும் உயர்சுருதிக்குச் செய்யப்பட்டவை. ஏறக்குறைய அரைச் சுரம் கூடுதல். மௌத்பீஸை வெளியே இழுத்துச் சரிசெய்யலாமே என்பீர்கள். இழுத்தால் மேல் சுரங்கள் அதிகமாக இறங்கும், கீழ்ச் சுரங்கள் குறைவாக இறங்கும், மொத்தமும் கோணலாகிவிடும். துளைகள் இருக்கும் இடமே வேறு என்பதால் இதற்கு மருந்தில்லை. ஆங்கிலத்தில் 'எச்.பி.' அல்லது 'ஹை' என்று பொறித்திருந்தால் சுவரில் மாட்டத்தான் ஆகும். 'எல்.பி.' என்றால் தாழ்சுருதி, கவலையில்லை. அதை ஒரு நிறுவனத்தின் முதலெழுத்து என்று எண்ணித் தேடாதீர்கள்.

மூடிகளுக்கு அடியில் துளையை அடைக்கும் பேட் எல்லாவற்றையும் மாற்றும் செலவு, கருவி வாங்கிய விலையை எளிதாகத் தாண்டிவிடும். ஆகவே முழுப் பழுதுக்குக் கொடுக்குமுன், இரண்டு மூன்று மேல் மூடிகளை மட்டும் காற்று கசியாமல் அடைத்துத் தரச் சொல்லி, ஊதி, சுருதியைப் பார்த்துவிடுங்கள்.

எங்கே தேடுவது

பிரான்சு தேசிய நூலகத்தின் காலிக்கா இணைய நூலகத்தில் பழைய வணிக முகவரிப் புத்தகங்கள் ஆண்டுவாரியாக இருக்கின்றன. கடைப் பெயரையும் ஊரையும் போட்டு, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை அந்த முகவரி வருகிறது என்று பாருங்கள். காப்புரிமை அலுவலகத்தின் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் காப்புரிமைகள் இணையத்தில் வரைபடத்தோடு கிடைக்கும். ஒப்பிடப் படம் வேண்டுமென்றால் பாரிஸ் இசை அருங்காட்சியகம், பிரஸ்ஸல்ஸ் இசைக்கருவி அருங்காட்சியகம் இரண்டின் இணையத் தொகுப்புகளும் நல்லவை. நேரில் போக முடிந்தால் லா கூத்யூர்-பூஸேயிலேயே காற்றுக்கருவிகளுக்கென்று சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. பாரிஸில் ரோம் தெரு முழுக்க இசைக்கருவிக் கடைகள். கூட்டமில்லாத காலை நேரத்தில் போய், வாங்குகிற மாதிரி நடிக்காமல் நேரடியாகக் கேட்டால் பலர் ஆசையாகவே பார்த்துச் சொல்வார்கள். தேடும் சொற்களைப் பிரெஞ்சில் போடுங்கள். ஆங்கிலத்தில் தேடினால் விற்பவர்களின் விளம்பரம்தான் முதலில் வரும்.

கடைசியாக, கண்டதை ஒரு அட்டையில் எழுதிப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். உறுதியானதையும் ஊகத்தையும் தனித்தனியாக. என் பெட்டியில் இருக்கும் அட்டை இப்படி இருக்கிறது:

ஆல்ட்டோ. விற்ற கடை லீல். கழுத்து எண்ணும் உடல் எண்ணும் ஒன்றே. தாழ்சுருதி. 1900-க்குப் பின், 1968-க்கு முன்: உறுதி. டோல்னே, மாந்த்: ஐந்தில் நான்கு. இரண்டு போர்களுக்கு இடையில்: ஊகம். கட்டைவிரல் கொக்கி மட்டும் ஒத்துப்போகவில்லை. யாராவது மாற்றியிருக்கலாம், பார்க்க வேண்டும்.